உறையில் எழுதிய இலக்கம்

கரம்பொனில் எங்கள் பழைய வீட்டு நடுவறையில் ஒரு தேக்கமரப் பெட்டகம் இருந்தது. அதன் அடியில், வேட்டி சால்வைகளுக்குக் கீழே, ஒரு தோலுறை கிடக்கும். எங்கள் சின்னப்பாட்டனார் பொலிஸ் இன்ஸ்பெக்டராயிருந்தவர். அவர் அரையில் தரித்த றிவோல்வரின் உறை அது. றிவோல்வர் அரசாங்கத்தின் சொத்தாதலால் அவர் இளைப்பாறியபோதே திரும்பிப் போய்விட்டது. உறை மாத்திரம் எவ்வாறோ வீட்டிலே தங்கிற்று. அதன் மூடியின் உட்புறத்தில் மையினால் ஓர் இலக்கம் எழுதியிருந்தது.

சிறுவராயிருந்த நாம் அவ்வுறையைக் கட்டிக்கொண்டு பனைகளுக்கிடையே கள்வர் பிடித்தோம். பாட்டனார் ஊர்காவற்றுறைக் கடலிலே கள்ளக்கடத்தற்காரர் மூவரைச் சுட்டவர் என்பது எம் கட்சி. "அவர் ஒரு காகத்தைத்தானும் சுட்டதில்லை" என்பது பேத்தியாரின் கட்சி.

இவற்றுள் எது மெய்யென்று அறியும் ஆசையை நெடுங்காலத்தின் பின் எமக்கு மூட்டியது, இந்தியாவின் இந்தூர் நகரிலிருந்து வந்த ஒரு செய்தி.

1928 டிசம்பர் 17ஆந் திகதி லாகூரில் சாண்டர்ஸ் என்னும் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் சுட்டுக் கொல்லப்பட்டார். லாலா லஜபதிராய் தடியடிபட்டு மாண்டதற்குப் பழிவாங்க எண்ணிய பகத்சிங்கும் தோழரும் குறிவைத்தது ஸ்கொட் என்ற மேலதிகாரியை, ஆள் மாறிப்போயிற்று. சாண்டர்ஸுக்கு வயது 21. துரத்திச் சென்ற சனன்சிங் என்ற தலைமைக் கொன்ஸ்தாபிளும் அன்று உயிரிழந்தார். கதை சொல்வோர் பலரும் இவ்விருவரையும் விரைந்து கடந்துவிடுகின்றனர்; அது எமக்கு உடன்பாடன்று. 1931 மார்ச் 23இல் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

பகத்சிங் கையிலிருந்தது அமெரிக்கக் கோல்ற் கம்பெனியார் செய்த .32 அளவுத் தானியங்கித் துப்பாக்கி. (அது றிவோல்வர் அன்று, சுழலும் உருளை அதற்கில்லை.) வழக்கு முடிந்தபின் அது எங்கே போயிற்று? பஞ்சாபில் பில்லோர் என்னுமிடத்துப் பொலிஸ் பயிற்சிப் பள்ளிக்கு! ஒரு பொலிஸ் அதிகாரியைக் கொன்ற ஆயுதத்தைப் பொலிஸாரே பேணி வைத்தனர்; பின்பு மறந்தும் விட்டனர். 1969இல் வேறு சில ஆயுதங்களோடு அது இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்கு மாற்றப்பட்டது. துருப்பிடியாதிருக்க அதன்மேல் கறுப்பு வர்ணம் பூசியிருந்தனர். இலக்கம் அவ்வர்ணத்தின் அடியில் மறைந்தது. காட்சிசாலைக்கு வந்தோர் அதைப் பத்தோடு பதினொன்றாகப் பார்த்துச் சென்றனர்.

2016இல் ஒரு பத்திரிகையாளர் பழைய ஏடுகளிலிருந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தேடினார். வர்ணத்தைச் சுரண்டினார்கள். 168896 என்னும் இலக்கம் வெளிப்பட்டது. மறு ஆண்டு அத்துப்பாக்கி, பகத்சிங்கின் உடல் எரிந்த இடமாகிய ஹுசைனிவாலாவிலுள்ள காட்சிசாலையை அடைந்தது.

இதனைப் படித்த இரவு எமக்கு உறக்கமில்லை. எம்மிடமும் ஓர் இலக்கம் இருந்ததன்றோ!

இருந்தது. 1990இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாமும் உடுத்த உடையோடு வெளியேறினோம். பெட்டகத்தைத் தூக்கிவர யாரால் முடியும்? பல்லாண்டுகள் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. நடுவறையில் ஆடாதோடை வளர்ந்திருந்தது. பெட்டகம் நின்ற இடத்தில் நான்கு கால்களின் தடம் மாத்திரம் சீமெந்திலே பதிந்திருந்தது.

சென்ற மாதம் சின்னம்மாவிடம் போய்க் கேட்டோம். அவருக்கு எண்பது கடந்துவிட்டது.

"கடைசி எண் மூன்று, தம்பி" என்றார்.

எட்டு என்பது எம் ஞாபகம். கொப்பி ஒன்றை எடுத்து நாம் எட்டு எழுதிக் காட்டினோம். அவர் பேனாவை வாங்கி, அருகிலே நடுங்கும் கையால் மூன்று எழுதினார். பாட்டனார் மூன்றை எப்பொழுதும் வளைத்து மூடியே எழுதுவாராம். அவர் எழுதியது எமக்கு எட்டைப் போலத்தான் தெரிந்தது.