பாகூருக்கு நடந்தேன்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் நடக்கத்தான் நடக்கிறார்கள். காந்தி சிலையிலிருந்து கடற்கரைச் சாலையின் இந்தக் கோடி வரை ஒரு நடை, அந்தக் கோடி வரை ஒரு நடை. ஒன்றரைக் கிலோமீட்டரில் விஷயம் முடிந்துவிடும். அப்புறம் ஐஸ்கிரீம்! அந்தச் சாலையை விட்டு விலகித் தெற்கே நடந்துகொண்டே போனால் என்ன வரும் என்று யாராவது யோசிக்கிறார்களோ? பாகூர் வரும். சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் நடந்து போவதென்று தீர்மானித்தேன், அதுவும் தனியாக.

இங்கிலாந்தில் இது வெகு சாதாரணமான பொழுதுபோக்கு. வயல்களுக்கு நடுவே பொதுஜனங்கள் நடப்பதற்கென்று சட்டமே அங்கீகரித்த ஒற்றையடிப் பாதைகள் அங்கே உண்டு. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் நாள் முழுவதும் நடந்தால் ஏனென்று கேட்பாரில்லை. நம் நாட்டுப் பெண்கள் மட்டும் நடப்பதில் சளைத்தவர்களா? பழநிக்கு நடக்கிறார்கள், வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். ஆனால் கூட்டமாக, நேர்ந்துகொண்டு நடக்கிறார்கள். நேர்த்திக்கடன் இல்லாமல் ஒருத்தி தனியே நடந்தால் ஊர் அவளைச் சும்மா விடுமா?

மாசி மாதத்து விடியற்காலையில் புறப்பட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டினால் கடலூர் சாலையில் ஏ.எப்.டி. ஆலை. 1898-ல் தோன்றி, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரித்த ஆலை, 2020-ல் மூடிவிட்டார்கள். எதிரே டீக்கடைக்காரர் என் பையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கும்மா வேண்டுதல்?" என்று கேட்டார். "பாகூருக்கு" என்றேன். "பாகூருக்கெல்லாம் யாரும் வேண்டிக்கிறதில்லையே!" என்று கவலைப்பட்டார் மனிதர்.

முருங்கப்பாக்கத்தைக் கடந்து, அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிக் காக்காயன்தோப்புப் பக்கம் திரும்பினேன். அரிக்கமேட்டைப் பார்க்காமல் போகலாமா? பார்ப்பதற்கென்று இன்று அங்கே அதிகம் இல்லைதான். தோப்பு, ஆறு, பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டிய கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர்கள். ஆனால் 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமாபுரியின் மது ஜாடிகளும், இத்தாலியச் சிவப்பு மண்பாண்டங்களும் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தன. இந்த ஊர்க்காரர்கள் கண்ணாடியிலும் கல்லிலும் மணிகள் செய்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் பெண்களுக்கு மணிமாலை கட்டாயம் என்று தெரிகிறது. ஆண்களுக்கு எது கட்டாயம் என்பதை ஜாடிகள் சொல்லும்!

பக்கத்து வீராம்பட்டினத்துக்கும் ஒரு கதை உண்டு. அங்குள்ள பழைய இடிபாடுகளைப் பற்றி எழுதி வைத்தவர் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி. சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடப்பதைப் பார்ப்பதற்காக 1760-ல் வீட்டை விட்டுக் கிளம்பினார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியவில்லை. அடுத்த தடவைக்கு எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூன் மாதம், அந்த ஒரு காலை நேரம் பார்த்து, மேகம் வந்து மூடிக்கொண்டது! ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டாரென்று உறவினர்கள் சொத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்களாம். இதை நினைத்ததும் என் கால்வலி கொஞ்சம் குறைந்தது.

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைக் கடந்து தவளக்குப்பம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதற்கப்பால்தான் வேடிக்கை. சாலையோரத்தில் ஒரு மதுக்கடை, அடுத்து ஒரு மதுக்கடை, பிறகு திடீரென்று எதுவும் இல்லை. ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம்! கொஞ்ச தூரம் நடந்தால் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிச் சண்டை போட்டு, கடைசியில் 1816-ல் ஊர்களைத் திருப்பிக் கொடுத்தபோது விழுந்த கோடுகள் இவை. ஒட்டுப் போட்ட துணி மாதிரி இன்றும் கிடக்கின்றன. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அந்தக் கோட்டைத் தாண்டி, ஒரு திண்ணையில் உட்காரலாமா என்று கேட்டேன். எண்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தனியாவா வர்றே?" என்றாள். வழக்கமான கேள்விதான் என்று நினைத்துக்கொண்டு, "ஆமாம் பாட்டி, தப்பா?" என்றேன்.

"என்னாத்துக்குத் தப்பு? எங்கம்மாவுக்குப் பொறந்த வீடு அந்தாண்ட, வாழ்க்கைப்பட்டது இந்தாண்ட. வெள்ளக்காரன் காலத்துல நடுவுல சுங்கக்காரன் நிப்பான். பொங்கலுக்கு வெல்லம், அரிசி எடுத்தாந்தாக்கூட மூட்டைய அவுத்துக் காட்டணும். என்னிய இடுப்புல வச்சிக்கினு நடந்தே வரும்."

"யாரும் துணைக்கு வரமாட்டார்களா?"

"எங்கப்பா மில்லுக்குப் போயிருப்பாரு. ஆத்தா வூட்டுக்குப் போறதுக்கு எவன் துணை வேணும்?"

1949-ல் சுங்க உடன்பாடு முறிந்த பிறகு எல்லையில் கெடுபிடி மிகுந்தது என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடியதும், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டுமென்று வாக்களித்ததும், நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியதும் சரித்திரம். வெல்ல மூட்டையை அவிழ்த்துக் காட்டிய அந்த அம்மாளுக்கு, இனி அவிழ்க்க வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பாட்டியிடம் அதைக் கேட்டேன். "அதுக்கப்புறம் எங்கம்மா அடிக்கடி போவும்" என்றாள்.

கிருமாம்பாக்கத்துக்கப்பால் மேற்கே திரும்பியதும் ஊரே மாறிவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை நெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது மிகையல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களை எழுதி வைத்ததாகச் செப்பேடு இருக்கிறது. மூலநாதர் கோயிலில் அர்ச்சகர், "என்ன பிரார்த்தனை?" என்று கேட்டார். "நடந்து வந்தேன், அவ்வளவுதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெயர் நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தார்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனேன். பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் வெட்டுவித்தார்கள் என்பது ஊர்க்கதை. தண்ணீரில் பறவைக் கூட்டம். கரை மேல் தலையில் புல்லுக்கட்டோடு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று அவர்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. கடைசியாக வந்தவள் மட்டும் என் காலைப் பார்த்தாள்.

"பாண்டி பஸ்ஸுக்காக்கா? அதோ நிக்குது. எடுத்துடப் போறான், சீக்கிரம் போ!"