ஃபராயிளும் பைத்தானும்: எங்கள் கற்றல் இலக்குகள்



"இந்த ஆண்டு செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ள வேண்டும்" என்ற பேச்சு எழாத வீடு இப்போது அரிது. பிள்ளைகளுக்கு முந்திக்கொண்டு பெற்றோராகிய நாமே அதைச் சொல்கிறோம். நல்ல நிய்யத்துதான். ஆயினும் அதை இலக்கு என்று சொல்ல முடியாது. எந்த நாளில் அது நிறைவேறியது என்று சொல்வதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. குர்ஆனை மனனம் செய்ய ஆசைப்படும் பிள்ளையிடம் உஸ்தாத் கேட்கும் முதற்கேள்வி, "இன்றைய சபக் எந்தப் பக்கம்?" என்பதே. நிரலாக்கம் கற்க விரும்பும் பெரியவர்களிடம் அப்படிக் கேட்பார் யாருமில்லை.

கணவனும் மனைவியுமாக நாங்கள் பைத்தான் மொழியில் நிரல் எழுதக் கற்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிறது. இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒருவர் கடைக்கணக்கு எழுதுபவர். மற்றவர் மாலை வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர். கணினித் துறைக்கும் எங்களுக்கும் முன்பு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. எனவே, எதைக் கற்பது என்பதைவிட, எதை இலக்காக வைத்துக்கொள்வது என்பதிலேயே எங்கள் யோசனை அதிகம் சென்றது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முறையை ஹிஃப்ழு மத்ரஸாவிலிருந்தே எடுத்துக்கொண்டோம். அங்கே ஒரு மாணவர் நாள்தோறும் புதுப் பாடம் ஒன்றை ஒப்பிப்பார். அண்மையில் முடித்த பகுதியைத் திருப்பி ஓதுவார். பழைய ஜுஸ்உகளில் ஒன்றையும் மீட்டிக்கொள்வார். எங்களுக்குக் கிடைப்பது ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம். அதை மூன்றாகப் பகுத்தோம். பத்து நிமிடம் புதியது. அடுத்த பத்து நிமிடம் நேற்று எழுதியதைப் பார்க்காமல் மீண்டும் எழுதுதல். எஞ்சிய பத்து நிமிடம் போன மாதத்து நிரல் ஒன்று. வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த மூன்றில் நடுவில் உள்ளதே கடினமானது, பயனும் அதில்தான் மிகுதி. முஸ்ஹஃபைப் பார்த்து ஓதும்போது எல்லாம் மனனமாகிவிட்டதைப் போலத் தோன்றும். மூடிவைத்தால்தான் உண்மை தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக்கொடுத்த நிரலைப் படிக்கும்போது ஏற்படும் தெளிவும் அத்தகையதே. சிறிதாயினும் விடாது செய்யப்படும் அமலின் சிறப்பைக் கூறும் நபிமொழி நம் வீடுகளில் பலமுறை எடுத்துச் சொல்லப்படுவது. அரை மணி நேரம் போதுமா என்று ஐயுறுவோருக்கு அதற்குமேல் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் இலக்கைத் தாளில் இப்படி எழுதிவைத்தோம்: "ரமளான் பிறை காண்பதற்குள் வீட்டு ஸகாத்தைக் கணக்கிடும் நிரல். கடந்த மூன்று ஆண்டுகள் கையால் போட்ட கணக்கோடு ஒரு ரூபாயும் பிசகாமல் ஒத்துவர வேண்டும்." சரியான விடை முன்பே கையில் இருக்கிற ஒரு வேலையைத் தேர்ந்ததுதான் இதில் முக்கியம். தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தம் நிரல் சரியா பிழையா என்று சொல்ல ஆள் இல்லை. விடை தெரிந்த கணக்காக இருந்தால் அந்த ஆளாக அந்தக் கணக்கே இருந்துவிடும்.

ஸகாத் என்றால் நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 விழுக்காடு, இதற்கு எதற்கு நிரல் என்று தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. இருபது வரிகளில் முடிந்தும்விட்டது. ஆனால் அந்த இருபது வரிகள் எங்களைக் கேட்ட கேள்விகள் வேறு. தங்கத்தின் நிஸாப் 85 கிராமா, 87.48 கிராமா? இரண்டுக்கும் நம் ஆலிம்களிடையே ஆதரவு உண்டு. பணத்துக்கு நிஸாபைத் தங்கத்தைக் கொண்டு அளப்பதா, வெள்ளியைக் கொண்டா? பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஸகாத் உண்டா? ஹனஃபி மத்ஹபில் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, ஆகுமான வகையில் அணிவதற்காக வைத்திருக்கும் நகைக்கு இல்லை. எங்களில் ஒருவர் ஹனஃபி, மற்றவர் ஷாஃபிஈ. பேணுதலுக்காக எல்லா நகைக்கும் கொடுத்துவந்ததால் இந்தக் கேள்வி எங்கள் இல்லறத்தில் எழுந்ததே இல்லை. நிரலோ, 'நகை யாருடையது, அவர் எந்த மத்ஹப்' என்று கேட்காமல் அடுத்த வரிக்கு நகர மறுத்தது. இப்போதும் முன்போலவே கொடுக்கிறோம். எது கடமை, எது பேணுதல் என்பது மட்டும் தனித்தனியே தெரிகிறது.

இரண்டாவது இலக்கை நாங்கள் தேடிப் போகவில்லை. உறவினர் ஒருவர் இளவயதிலேயே வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், உயிரோடிருக்கும் தாய், தந்தை. சொத்துப் பேச்சு வந்தபோது இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, விடையை உரக்க வாசித்தார். மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று. தந்தைக்கு ஆறில் ஒன்று. இவற்றைக் கூட்டினால் முழுச் சொத்தும் முடிந்துவிடுவதால் மனைவிக்கு மீதம் ஏதுமில்லை! அழகான அட்டவணை, தெளிவான தமிழ், கீழே ஒரு துஆ வேறு. இத்தாவில் இருந்த அந்தப் பெண்ணின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. வீட்டின் மூத்த பெண்மணி ஒருவர்தான், "பொண்டாட்டிக்குப் பங்கில்லாமப் போற சட்டம் நம்ம மார்க்கத்துல எங்கேயும் இல்லையே, ஹஜ்ரத்தைக் கேளுங்க" என்றார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் விரல் மடக்கியே விடை சொன்னார். மனைவிக்குரிய எட்டில் ஒன்றையும் சேர்த்து, பங்குகளை 24 கூறுகளாகக் கணக்கிட்டால், மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4 என மொத்தம் 27 ஆகிவிடும். யாரையும் வெட்டிவிடாமல், சொத்தை 24 கூறுகளுக்குப் பதில் 27 கூறுகளாக்கி, எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பதற்கு 'அவ்ல்' என்று பெயர். மனைவியின் எட்டில் ஒன்று அப்போது ஒன்பதில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்குக்கே 'மிம்பரிய்யா' என்று பெயர். அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதாக ஃபராயிள் நூல்கள் குறிப்பிடுகின்றன. கடன் முதலியவை போக 27 லட்சம் இருந்தால் மனைவிக்கு 3 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 8 லட்சம், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 4 லட்சம். ஒரு கைம்பெண்ணின் 3 லட்சம் ஓர் அழகிய அட்டவணைக்குள் காணாமல் போகவிருந்தது.

அன்றிரவு தாளில் எழுதினோம்: "மிம்பரிய்யாவைச் சரியாகப் பங்கிடும் நிரல். ஆறு மாதம்." பிறகு அதனோடு ஃபராயிள் பாடநூலிலிருந்து விடையோடு கூடிய பதினைந்து கணக்குகளையும் சேர்த்தோம்.

இதில் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. அல்காரிதம் என்று உலகம் சொல்கிறதே, அந்தச் சொல் அல்குவாரிஸ்மி என்ற பெயரின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்தது. கலீஃபா மஃமூனின் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அவர், சுமார் 820-இல் எழுதிய இயற்கணித நூலில் ஒரு பெரும் பகுதியை மரண சாசனத்துக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் ஒதுக்கியிருந்தார். அல்ஜீப்ரா என்ற சொல் அந்நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து பிறந்தது. 'நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே கண்டுபிடித்தனர்' என்று பெருமை பேச இதைப் பயன்படுத்துவது எங்களுக்கு உவப்பானதன்று. அவர் அதை ஒரு பயன் கருதி எழுதினார். மக்கள் தம் பாகங்களையும் வணிகத்தையும் சரியாகக் கணக்கிட வேண்டும் என்பதே அந்தப் பயன். நம் இலக்குகளை அமைக்கவும் அந்தப் பயன் போதும்.

நிரலில் முதல் தடை தசமத்தில் வந்தது. பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரும முறையில் சேமிப்பதால் பல பின்னங்களை அதனால் துல்லியமாக எழுத முடிவதில்லை. பங்குகளின் கூட்டுத்தொகை சரியாக ஒன்றா என்று சோதிக்க வேண்டிய இடத்தில் இது உதவாது. பைத்தானிலேயே இருக்கும் ஃபிராக்‌ஷன்ஸ் என்ற தொகுதி, மூன்றில் இரண்டை மூன்றில் இரண்டாகவே வைத்துக்கொள்கிறது. அதைக்கொண்டு மிம்பரிய்யாவின் பங்குகளைக் கூட்டியபோது 9/8 என்று வந்தது. 27-ஐ 24-ஆல் வகுத்துச் சுருக்கினால் அதுதான். மொத்தம் ஒன்றைத் தாண்டினால் ஒவ்வொரு பங்கையும் அந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவே, ஒரே வரி. எட்டில் ஒன்றை எட்டில் ஒன்பதால் வகுக்க, திரையில் 1/9 வந்து நின்றது. அந்தக் காலையில் சுப்ஹானல்லாஹ் என்றுதான் சொல்லத் தோன்றியது.

வரிகளின் வரிசையும் ஒரு பாடமாயிற்று. கஃபன், அடக்கச் செலவு, பின் கடன், பின் எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், அதன் பின்னரே பங்கு. நிரலில் ஒரு வரி இடம் மாறினாலும் எல்லாப் பங்கும் மாறிவிடும். கொடுக்கப்படாமல் நின்றுவிட்ட மஹரும் கடன்தான் என்பதால் அதற்கென ஒரு வரி எழுதினோம். நம் வீடுகள் பலவற்றில் அந்த வரிக்கு வேலை இருக்கும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய இலக்கை மூன்றாவதாகத்தான் வைத்தோம். அதைக் கொண்டு எதையும் உருவாக்க வேண்டும் என்பதல்ல, அன்று அந்தச் செயலி ஏன் அவ்வளவு உறுதியோடு தவறினது என்று பிள்ளைகளுக்கு விளக்கத் தெரிய வேண்டும் என்பதே அந்த இலக்கு. இதற்கும் வீட்டுச் சரக்கே உதவியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணச் சீட்டுகள் நான்கு ஆண்டுக்கு 24 இருந்தன. 18 சீட்டுகளைக் கொடுத்து, யூனிட்டுக்கும் கட்டணத்துக்கும் உள்ள உறவை ஒரு நேர்கோடாகக் கணினியைக் கற்கச் செய்தோம். மீதி ஆறைக் காட்டாமல் மறைத்துவைத்துச் சோதித்தோம். நேர்கோடு தடுமாறியது. முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக ஏறும் விகிதம் என்பது அதற்குத் தெரியாது. பார்த்த சீட்டுகளின் சாயல் மட்டுமே அதற்குத் தெரியும், விதி தெரியாது.

ஏன் ஆறு சீட்டுகளை மறைத்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிதாக இருந்தது. பக்கத்தின் தொடக்கத்திலிருந்து மட்டும் ஒப்பிக்கத் தெரிந்த மாணவரை, தேர்வாளர் பக்கத்தின் நடுவிலிருந்து ஓதச் சொல்வார் அல்லவா? அதுதான் இது.

உரையாடும் செயலிகள் எங்கள் நேர்கோட்டைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆயினும் அடிப்படையில் அவை, பார்த்த உரைகளின் சாயலில் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிப்பவையே. சில செயலிகள் இப்போது கணக்கை நிரலாக எழுதி இயக்கியும் பார்க்கின்றன, அது முன்னேற்றம்தான். ஆனாலும் இரண்டு மத்ஹபுகளின் சட்டத்தை ஒரே விடையில் குழைத்துத் தருவதும், இல்லாத ஹதீஸுக்கு எண் கொடுப்பதும் நின்றபாடில்லை. நிரலில் எழுதாத கேள்வி பிழையாக வந்து நிற்கும். இங்கே எழாத கேள்வி அழகிய நடைக்குள் மறைந்துவிடும். ஆகவே வீட்டில் ஓர் எல்லை வகுத்தோம். பிழைச் செய்தியின் பொருளைக் கேட்கலாம். ஒரு வரியை விளக்கச் சொல்லலாம். பயிற்சிக் கணக்குகள் கேட்கலாம். மார்க்கத் தீர்ப்பைக் கேட்பதில்லை. குடும்பத்தாரின் பெயரையும் சொத்து விவரத்தையும் அதனிடம் சொல்வதுமில்லை, அவை அமானிதம்.

செலவு பற்றிச் சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழிலேயே கற்பிக்கிறது. கூகுள் கோலாப் இணைய உலாவியிலேயே இயங்குவதால் பழைய கணினியும் போதும். சான்றிதழ் தரும் கட்டண வகுப்புகளில் நாங்கள் சேரவில்லை. வேலை தேடும் பிள்ளைகளுக்கு அவை தேவைப்படலாம்.

இப்போதைய இலக்கு, பாட்டனாரும் சகோதரர்களும் வாரிசாக இருக்கும் கணக்கு. ஹனஃபி மத்ஹபில் தந்தைவழிப் பாட்டனார் இருந்தால் சகோதரர்களுக்குப் பங்கில்லை. அது இரண்டே வரி. ஷாஃபிஈ மத்ஹபில் அவர் சகோதரர்களோடு சேர்ந்து பங்கு பெறுவார்; சேர்ந்து பங்கிடுவது, மீதத்தில் மூன்றில் ஒன்று, மொத்தத்தில் ஆறில் ஒன்று என நிலைமைக்கேற்ப எது அவருக்குக் கூடுதலோ அதைக் கொடுக்க வேண்டும். இரண்டு மத்ஹபுக்கும் தனித்தனியே செயற்கூறு எழுதியிருக்கிறோம். ஷாஃபிஈ பகுதிக்கு எடுத்துக்கொண்ட பதினொரு கணக்குகளில் ஏழு ஒத்துவருகின்றன, நான்கு இன்னும் வரவில்லை. அந்த நான்கையும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறோம். சனிக்கிழமை இஷாவுக்குப் பின் நேரம் ஒதுக்குவதாக ஹஜ்ரத் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.