ஜின்னும் கசிப்பும்

குடியைப் பற்றி எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் குடிப்பவனைப் பற்றியே எழுதுகின்றனர். குடிக்கப்படும் பொருள் எவர் உழைப்பால் ஆனது, அதனால் இலாபம் அடைந்தவர் யார், சட்டம் எவர் கையிலே அதனைக் கண்டபோது சினந்தது, எவர் கையிலே கண்டபோது புன்னகைத்தது என்னும் வினாக்கள் அருகியே எழுகின்றன. மதுவை நான் தொடுவதில்லை. ஆயினும் அண்மையிலே ஒரு ஜின் போத்தலை நெடுநேரம் கையில் வைத்துப் படிக்க நேர்ந்தது.

தென்கரையோர உல்லாச விடுதியொன்றின் மதுச்சாலையிலே பணிபுரியும் என் பழைய மாணவன், விடுமுறையிலே ஊருக்கு வந்தபோது அந்த வெறும் போத்தலைக் கொண்டுவந்தான். "சேர், இதிலே போட்டிருக்கிற சாமானுகளுக்குத் தமிழிலே என்ன பேர்? வாற ஆக்களுக்கு விளங்கப்படுத்த முதல் எனக்கு விளங்க வேணும்" என்றான். தோடம்பழத் தோல், எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி, கறுவா, தேன். இவை யாவற்றுக்கும் தலையாக ஜூனிப்பர். ஜூனிப்பரை நீக்கிவிட்டால் எஞ்சியிருப்பது நம் அடுக்களையின் சரக்குப் பெட்டியே. தடிமன் வந்தால் அம்மா அவித்துத் தரும் கொத்தமல்லி அங்கே கண்ணாடிக் குவளைக்குப் போயிருந்தது.

இம்மது ஆக்கப்படும் முறை எளியது. தனக்கென மணமோ சுவையோ அற்ற மதுசாரத்திலே இச்சரக்குகளை ஊறவைத்து, செப்பு வடிகலத்திலிட்டுக் கொதிக்க வைக்கின்றனர். முதலில் வரும் வடியும் இறுதியில் வரும் வடியும் ஒதுக்கப்படும். நடுவில் வருவதே ஜின். பழச்சாற்றுக்கு இங்கு வேலையில்லை. தோலிலுள்ள எண்ணெயே ஆவியோடு எழுந்து மணம் தருகின்றது. தேனின் நிலை இன்னும் விந்தையானது. சர்க்கரை ஆவியாவதில்லை. ஆதலால் வடிகலத்திலிட்ட தேனின் மணம் மாத்திரமே போத்தலை அடையும். இனிப்பு கலத்தின் அடியிலே தங்கிவிடும். இனிப்பும் வேண்டுமாயின் வடித்த பின்னரே தேனைக் கலத்தல் வேண்டும்.

உழைப்பின் கதியும் இதுவே. ஜூனிப்பர்க் காய் முதிர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். இத்தாலியிலும் பால்கன் நாடுகளிலும் மலைச்சரிவுகளிலே தானாக வளரும் அம்முட்செடியைத் தடியால் தட்டி, உதிரும் காய்களைக் கூடையிலே சேர்க்கின்றனர். கறுவாவோ காலி, மாத்தறைப் பக்கத்துத் தொழிலாளி நாள் முழுதும் நிலத்திலிருந்து, பித்தளைக் கோலால் தேய்த்துத் தேய்த்து உரித்தெடுக்கும் பட்டை. சரக்குகளின் பெயர்களைப் பொன்னெழுத்திலே தாங்கிய போத்தலில் அக்கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஜின் என்னும் பெயர் ஜெனீவர் என்னும் ஒல்லாந்தச் சொல்லின் குறுக்கம். அப்பானத்தை உலகுக்கு அளித்த ஒல்லாந்தரே 1658 முதல் 1796 வரை நம் கரையோரங்களை ஆண்டனர். அவர்களை இங்கு கட்டிவைத்தது கறுவா. சாலாகம சமூகத்தினர் கட்டாய ஊழியமாகக் காடேறிக் கறுவா உரித்தனர். ஆங்கிலேயரும் அவ்வணிகத்தின் தனியுரிமையை 1833 வரை கைவிடவில்லை. கொழும்பிலே செல்வர்கள் வாழும் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் நிலைத்தது. உரித்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

ஒல்லாந்திலிருந்து இப்பானம் இங்கிலாந்துக்குச் சென்ற வரலாறு நம் மாணவர் அறியவேண்டியது. 1690ஆம் ஆண்டு ஆங்கிலப் பாராளுமன்றம் தானியத்திலிருந்து மது வடிப்பதை ஊக்குவித்துச் சட்டம் இயற்றியது. அப்பாராளுமன்றத்திலே நிலவுடைமையாளரே நிறைந்திருந்தனர். எஞ்சிய தானியத்துக்கு அவர்களுக்கு ஒரு சந்தை தேவைப்பட்டது. இலண்டனின் ஏழைகள் அச்சந்தையாயினர். பிணியும் சாவும் பெருகவே, அதே பாராளுமன்றம் ஏழைகளின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைகொண்டது. 1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறையாக ஜின் விற்பவருக்கு 50 பவுண் உரிமக் கட்டணம் விதித்தது. தெருவிலே கூடை சுமந்து விற்ற பெண்ணுக்கு அது கனவிலும் காணாத தொகை. கலகங்கள் எழுந்தன, களவு விற்பனை பெருகியது, 1743இலே அச்சட்டம் நீக்கப்பட்டது.

1751இலே ஓவியர் ஹோகார்த் 'ஜின் சந்து' என்னும் புகழ்பெற்ற சித்திரத்தை வெளியிட்டார். போதையிலே தாயொருத்தி குழந்தையை நழுவவிடும் காட்சியையே எல்லோரும் நினைவு வைத்திருக்கின்றனர். ஓரத்தை நோக்குங்கள். அங்கே தச்சன் தன் வாளையும் இல்லாள் தன் சமையற் பாத்திரத்தையும் அடகுக்காரனிடம் கொடுத்து நிற்கின்றனர். சிதைந்த அத்தெருவிலே செழித்திருப்பது அடகுக்கடை. 1836இலே நூலாக வெளிவந்த தம் நகரச் சித்திரங்களிலே சார்ள்ஸ் டிக்கின்ஸ், ஜின் குடி பெருந்தீமைதான், ஆனால் வறுமையின் அவலம் அதனினும் பெருந்தீமை என்று வாதிட்டார். பசிக்கு மருந்து காணாதவரை மதுக்கடைகள் பெருகவே செய்யும் என்பது அவர் துணிபு.

இன்று காலம் வட்டமிட்டு வந்திருக்கின்றது. சிறிய வடிகலங்களுக்கு உரிமம் வழங்க நெடுங்காலம் மறுத்துவந்த இங்கிலாந்து, 2009இலே சிப்ஸ்மித் என்னும் சிறு வடிசாலைக்கு இலண்டனில் உரிமம் அளித்தது. பின்னர் நூற்றுக்கணக்கான சிறு வடிசாலைகள் தோன்றின. முன்னர் ஏழையின் குற்றமாயிருந்த சிறுகலம் இப்போது 'கைவினை' என்னும் கௌரவத்தைப் பெற்றுவிட்டது.

நம் நாட்டுக் கதையும் வேறன்று. சாராயக் குத்தகையை ஏலமிட்டு ஆங்கில அரசு திறைசேரியை நிரப்பிற்று. அக்குத்தகையால் பொருள் குவித்தவர்களே இலங்கை முதலாளி வர்க்கத்தின் முன்னணியிலே எழுந்தனர் என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வுநூலில் விரித்துரைத்துள்ளார். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் நம்மை ஆள்கின்றது.

அச்சட்டத்தின் கை எவர்மீது விழுகின்றது என்பதை நான் வன்னியிலே கண்டேன். அங்கு கற்பித்த காலத்தில், உயர்தர வகுப்பிலே முன்னிருந்த மாணவியொருத்தி சில நாட்களாக வரவில்லை. போரிலே கணவனை இழந்த அவள் தாய், சீனியையும் ஈஸ்ற்றையும் புளிக்கவைத்துக் கசிப்பு வடித்தமைக்காகப் பிடிபட்டிருந்தாள். தண்டப்பணம் கட்டக் கடன்பட்டனர். கடனை அடைக்க மகள் ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்றாள். பரீட்சை மேசையிலே அவள் சுட்டெண் ஒட்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது. தாய் வடித்ததை வாங்கிக் குடித்தவர்களும் கூலிக்காரர்களே. அவர்களுடைய வீடுகளிலும் பிள்ளைகள் பசித்திருந்தனர்.

கசிப்பை நான் நியாயப்படுத்தவில்லை. அளவும் தூய்மையும் அற்ற அவ்வடி உடலைக் கெடுப்பது; வீட்டைக் கெடுப்பது. உல்லாச விடுதியின் ஜின் நன்றென்றும் கூறேன். கலத்தின் அளவும் செம்பின் தூய்மையும் வேறுபடலாம், வடித்தல் ஒன்றே. ஒருத்திக்குச் சிறை, ஒருவனுக்கு விருது என்றாக்குவது முதலும் உரிமமும் எவரிடம் உண்டு என்பதே.

ஆண்டுதோறும் நம் பாடசாலைகளிலே மது ஒழிப்புப் பேச்சுப்போட்டிகள் நடைபெறுகின்றன. மாணவர் மனனஞ்செய்த வாக்கியங்களால் குடிகாரனைச் சாடுகின்றனர். நாமும் புள்ளி இடுகின்றோம். அவ்வரங்கிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சிலருடைய வீட்டுக் கோடியிலே ஒரு கோடாப் பானை புதைந்திருக்கக் கூடும். அப்பிள்ளை தலைகுனிந்து கேட்கும் பேச்சு, அவளது வீட்டுக்கு அப்பானை எதனால் வந்தது என்பதையும் ஆராய்வதாக இருத்தல் வேண்டும். அடுத்த போட்டிக்குத் தலைப்பு வகுக்கும் ஆசிரியர்கள் இதனை மனங்கொள்வார்களாக.