மஞ்சள் கேட்கிறவர்கள்

தங்கச் சுரங்கத்தை வரைந்து தரச் சொல்லி வருகிற வேலைகளில் தவறாமல் ஒரு குறிப்பு இருக்கும்: பாறைக்குள் தங்கம் தகதகக்க வேண்டும். கேம் கம்பெனியோ, சிறுவர் புத்தகமோ, நகைக்கடை விளம்பரமோ, யாரானாலும் அதேதான். செய்து கொடுத்துவிடுவேன். அடர் சாம்பலின் மேல் ஒரு லேயர், அதற்குக் கலர் டாட்ஜ் மோடு, மஞ்சளில் பேனாவால் நாலு இழுப்பு. பாறை தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும். காசு வருகிற வேலை.

அப்படியொரு படத்தை அப்பாவிடம் காட்டினேன். எங்கள் ஊரான கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். "இது எந்த ஊர் மைன்ஸுப்பா?" என்றார். அவர் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத துகள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் தங்கத்தை நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததெல்லாம் சாம்பல் நிறக் கல்லும், தொப்பி விளக்கு விழுந்த வட்டமும், சூடும்தான். 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் சுடும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் ஆளை வேலை வாங்கினார்கள். பாறை வெடித்துச் சிதறினால் இங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். அந்தச் சூட்டை எப்படி வரைவது? எந்தச் சாஃப்ட்வேரிலும் அதற்குப் பிரஷ் இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு எங்கள் ஊருக்குப் பெங்களூர்தான் சுரங்கம். விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயிலேறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகிறவர்கள் ஊரைப் பகலில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நானும் அப்படித்தான் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்வந்தேன். உட்கார இடம் கிடைத்தால் மடியில் டேப்லெட். எதிர் சீட்டில் வாய் பிளந்து தூங்குகிற முகங்கள். முகம் வரையப் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெட்டி குலுங்கும்போது கோடு தப்பும். சிலவற்றை கன்ட்ரோல் இசட் போட்டு அழிப்பேன். சிலவற்றை அப்படியே விட்டுவிடுவேன், தாடை அப்போதுதான் தாடையாக இருக்கும். கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது, உனக்கென்ன வேலை என்று அந்த ரயிலிலேயே கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் டிராட்ஸ்கி மருதுவின் பெயரைச் சொல்வேன். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்; தமிழ்ப் பத்திரிகை ஓவியர்களில் கணினியை முன்னதாகவே கையில் எடுத்தவர். காகிதத்தில் ஓடிய அதே கோடுதான் திரையிலும் ஓடியது. கை இல்லாதவனுக்குக் கணினி என்ன செய்துவிடும்?

எனக்காக நான் வரைவது சைனைடு மேட்டை. பாறையை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை நூறு வருஷத்துக்குமேல் கொட்டிக் கொட்டி எழுந்த மலைகள். 3 கோடி டன்னுக்குமேல் இருக்கும். 2018இல் வந்த கேஜிஎஃப் படத்துக்கு இங்கேதான் செட் போட்டார்கள். திரையில் எல்லாம் கரியும் புகையுமாகத் தெரிந்தது. நல்ல உழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் மேடு கருப்பில்லை. மஞ்சளும் இல்லை. மஞ்சள் வைத்தால் மெரினா மணலாகிவிடும், சாம்பல் வைத்தால் சிமெண்ட் மூட்டை. அடியில் வெளிறிய காவியைப் பூசி, மேலே தனி லேயரில் சாம்பலைப் படரவிட்டு, மழை அறுத்த ஓடைகளுக்கு மட்டும் பிரஷ்ஷை மாற்றுவேன். பேனா முனையின் அழுத்தத்தை 8,192 படிகளாக உணருமாம் டேப்லெட். என் கைக்கு நாலைந்து தெரிந்தால் அதிகம். அந்த ஓடைகளுக்கு அதுவே போதும்.

அதையும் அப்பா பார்த்தார். இம்முறை ஊரைக் கேட்கவில்லை. "காத்தே அடிக்கலையே" என்றார். காற்றுக் காலத்தில் அந்த மண் பறந்துவந்து சோற்றுத் தட்டில் உட்காரும். காயப்போட்ட துணியைத் திரும்ப அலச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தூசுக்கென்று ஒரு லேயர் போட்டு, கூரைகளையும் வேப்பமரத்தையும் பாதி மறைத்தேன். தலையாட்டினார். அந்தப் படத்தை இதுவரை யாரும் வாங்கவில்லை.

கேஜிஎஃப்பை வரைய வருகிற தம்பி தங்கைகளே, சாயங்காலம் வராதீர்கள். அந்த வெயிலில் எந்தக் குப்பைமேடும் தங்கமாகத்தான் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.