வெள்ளம் வந்தால் எங்கே போவான்?

திருவட்டாறு,
புரட்டாசி 10.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ அனுப்பின படங்கள் போனில் பொடிசாகத் தெரிகிறது என்று அம்மா சலித்துக்கொண்டாள். உன் மருமகள் லேப்டாப்பைத் திறந்து பெரிதாகப் போட்டுக் காட்டினாள். ஸ்டைன் ஆம் ரைன் என்று ஊர்ப்பேரை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தும் அம்மா வாயில் நுழையவில்லை. "தம்பி போன ஆத்தூரு" என்று அவளாகவே பேர் வைத்துவிட்டாள். அதுவும் சரிதான், குழப்பமும் கூட. நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆற்றூர் இருக்கிறதே.

சுவர் முழுக்கப் படம் எழுதின வீடுகளை அவள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. நீ பாலத்தில் நின்று எடுத்த படம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. ஆற்றங்கரையை ஒட்டியே சுவரை எழுப்பி, ஜன்னலில் பூந்தொட்டி வைத்து, வரிசையாக வீடுகள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டாள்: "வெள்ளம் வந்தா அவன் எங்ஙன போவான் மக்ளே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீயும் அதை எழுதவில்லை. நீ எழுதினது வேறு. "நம்ம ஊரையும் ஆறுதான் சுத்தி ஓடுது. ஒரு வீடாவது ஆத்தைப் பாத்து இருக்கா? நமக்கு ரசனை கிடையாது அக்கா." அந்த வரி எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் எடுத்தவளிடம் இப்படி எழுதலாமா? அட்லஸைத் தூசி தட்டி எடுத்தேன்.

விஷயம் இதுதான். ரைன் ஆல்ப்ஸில் பிறந்து நேராக உன் ஊருக்கு வரவில்லை. நடுவில் கான்ஸ்டன்ஸ் ஏரியில் விழுகிறது. ஸ்டைன் ஆம் ரைன் இருப்பது அந்த ஏரி முடிந்து ஆறு மறுபடி ஆறாகிற வாய்க்கருகில். மலையில் பனி உருகட்டும், மழை கொட்டட்டும், அத்தனையையும் அந்த ஏரி முதலில் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு பையப் பைய விடுகிறது. ஏறுவதும் நிதானம், இறங்குவதும் நிதானம். அப்படிப்பட்ட ஆற்றின் கரையிலேயே சுவர் வைக்கலாம், பூந்தொட்டியும் வைக்கலாம்.

நம் கோதையாறும் பறளியாறும் அந்த ரகமா? பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-ல். பெருஞ்சாணி அதற்கும் பிந்தியது. அதற்கு முன்னால் மலைக்கும் நமக்கும் நடுவே தடுத்து நிறுத்த ஒன்றும் கிடையாது. காலையில் மலை கறுத்தால் சாயங்காலம் கடவில் படி தெரியாது. அணைகள் வந்த பிறகும் 2021 நவம்பர் வெள்ளத்தில் என்ன ஆயிற்று என்று உனக்கு வீடியோ அனுப்பினேனே. அதனால் நம் முன்னோர் மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலே சுற்றுப்புறத்தைவிட ஐம்பது அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பாட்டி சொல்கிற கதை ஞாபகம் இருக்கிறதா? அசுரனை ஆதிகேசவன் அடக்கிப்போட, அவன் பெண்டாட்டி வேண்டிக்கொண்டபடி கங்கையும் தாமிரபரணியும் பொங்கி வந்ததும், பெருமாள் படுத்திருக்கிற இடத்தைப் பூமாதேவி மேடாக உயர்த்தினதும், மூழ்கடிக்க முடியாத ஆறுகள் சுற்றி வளைத்து ஓடி வட்டாறு ஆனதும். சின்ன வயதில் சாமிக் கதையாகக் கேட்டேன். இப்போது கேட்டால் எந்தக் காலத்திலோ ஊரையே பயமுறுத்தின ஒரு மழைக்காலத்தின் நினைவு போலத் தோன்றுகிறது.

இன்னொன்று. தாகத்துக்கு "கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்கிறவர்கள் நாம். நாகர்கோவிலுக்குக் கிழக்கே போய் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். குடிக்கிறதுக்கும் அடித்துக்கொண்டு போகிறதுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிற ஊரில் ஆற்றைப் பார்த்து ஜன்னல் வைப்பானா ஒருவன்?

இவ்வளவும் உன்னோடு சண்டை போடத்தான் யோசித்தேன். ஆனால் உன் கடிதம் வேறொரு வேலையும் பார்த்துவிட்டது. நீ ஓர் ஊருக்குள் கால்நடையாகச் சுற்றினதைப் படித்ததும், நான் இந்த ஊரை அப்படி ஒருநாளும் சுற்றினதில்லையே என்று தோன்றியது. ரேஷனுக்கும் பாங்குக்கும் போவேன், திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போவேன். அவ்வளவுதான். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர்க்காரி மாதிரி கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயாவும் ரசவடையும். கடைக்காரர், "டீச்சருக்கு இங்ஙன என்ன சோலி?" என்றார். ஊர் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை.

புரட்டாசி 3 முதல் 9 வரை மறைகிற சூரியன் நேராகப் பெருமாள் மேல் விழும், பங்குனியிலும் அப்படியே. மேற்குப் பார்த்த சன்னிதி அல்லவா. அதைப் பார்க்கத்தான் சாயங்காலமாகப் போனோம். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் வந்து மூடிவிட்டது. காத்திருந்த கூட்டத்தில் கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' படித்துவிட்டு வந்தவர்கள். நாவலில் வருகிற வானளாவும் கோபுரத்தைத் தேடி நிமிர்ந்து பார்த்தவர்களுக்குச் சாய்ந்த கூரைதான் கிடைத்தது. முகம் கொஞ்சம் விழுந்தது. உள்ளே போய் அந்த இருட்டில் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. மூன்று வாசல், இருபத்திரண்டு அடிப் பெருமாள். ஒன்றில் முகம், ஒன்றில் உடல், ஒன்றில் பாதம். எங்கே நின்றாலும் முழுதாகப் பார்க்க முடியாது. 16,008 சாளக்கிராமத்தை வைத்துக் கடுசர்க்கரைக் கூட்டில் செய்த மேனி. தொப்புளில் தாமரையும் கிடையாது, பிரம்மாவும் கிடையாது. இத்தனை வருஷத்தில் அதை நான் கவனித்ததே இல்லை, மகள்தான் கேட்டாள், "அம்மா, பிரம்மா எங்கே?"

உன் ஊரில் ஓவியம் தெருவைப் பார்த்து இருக்கிறது. இங்கே கருவறைச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், மூக்கை ஒட்டி நின்றால்தான் தெரிகிறது. பிராகாரத்துத் தூண்களில் விளக்கேந்தின பாவைகளை மகள் எண்ண ஆரம்பித்தாள், இருநூற்றிருபத்துநாலு தூண் என்று எங்கேயோ படித்துவிட்டு. அறுபதுக்கு மேல் விட்டுவிட்டாள். ஒற்றைக்கல் மண்டபத்தில் கொஞ்சநேரம் நின்றோம். 2022 ஜூலை 6 கும்பாபிஷேகத்தன்று இதே இடத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாமல் நான் தெருவிலிருந்தே கும்பிட்டேன். 1604-க்கு அப்புறம், 418 வருஷம் கழிந்து நடந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர், "அடுத்ததுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், இவ்வளவு உயரத்தில் நிற்கிறோம், ஆறு எங்கே? நான் கை நீட்டின பக்கமெல்லாம் தென்னையும் ரப்பரும்தான். சுற்றி ஆறு ஓடுகிற ஊரில் நின்றுகொண்டு ஆற்றைக் காட்ட முடியவில்லை.

அடுத்த நாள் மூவாற்றுமுகம் போனோம். கோதையும் பறளியும் அங்கே சேர்கின்றன. அதற்குப் பிறகு குழித்துறையாறு, தேங்காப்பட்டணத்தில் கடல். ஐப்பசியிலும் பங்குனியிலும் பெருமாள் ஆராட்டுக்கு இறங்குகிற இடம். அப்பா உன்னைத் தோர்த்தோடு தூக்கித் தண்ணீரில் போட்டது இங்கேதான். நீ அழுதுகொண்டே நீந்தினாய். இரண்டு ஆறும் ஒரே நிறமாக வரவில்லை அன்றைக்கு. ஒன்று தெளிவு, ஒன்று கலங்கல். கொஞ்ச தூரம் தனித்தனியாக ஓடிப் பிறகுதான் கலந்தன. முன்பு நாம் ஓடி விளையாடின மணல் இல்லை. வாரிக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது பாறை பல்லைக் காட்டுகிறது. கரையோரத்தில் வீட்டுக் குப்பை மூட்டை மூட்டையாக. அதைப் பார்த்தபோது உன் வரியை நினைத்தேன். வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றுக்கு முதுகு காட்டினோம் என்று நான் சொல்கிறேனே, முதுகுக்குப் பின்னால் என்ன போடுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஸ்டைனுக்கு 1972-ல் வாக்கர் பரிசு கொடுத்திருக்கிறார்கள், பழைய ஊரைக் கெடுக்காமல் காத்ததற்கு. அந்தப் பரிசின் முதல் வருஷமே அது. அதைப் படித்துவிட்டு நம் வீட்டை நினைத்தேன். ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டது யார்? நீ பணம் அனுப்பினாய், நான் நின்று வேலை வாங்கினேன். அம்மா இன்றைக்கும் மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாமல் மாமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொள்கிறாள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் போனோம். உன் ஊர்ப் பாலத்தில் நின்று நீ படம் எடுத்தாய். நம் பாலத்தில் தண்ணீரே நடந்து போகிறது. 1966-ல் கட்டினது, 28 தூண், கீழே பறளி 115 அடி ஆழத்தில். எனக்குத் தலை சுற்றியது. திரும்பும்போது திற்பரப்பு. உன் ரைன் அருவி எழுபத்தைந்து அடி என்று பெருமை பேசியிருந்தாய். திற்பரப்பு ஐம்பதுதான். ஆனால் உன் அருவியின் கீழே தலையைக் கொடுத்து நிற்க முடியுமா?

ஏரி விஷயத்தை அம்மாவிடம் விளக்கினேன். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். யோசித்துவிட்டு, "அப்போ அவன் ஆறு வளர்த்தின ஆறு" என்றாள். நாய், பசு மாதிரி.

உன் மருமகள் பழம்பொரி சாப்பிடும்போதெல்லாம் உன்னைச் சொல்கிறாள். ஏத்தங்காய் உப்பேரி இரண்டு கிலோ வறுத்து வைத்திருக்கிறேன், உன் கூட்டுக்காரன் அடுத்த மாதம் வரும்போது கொடுத்துவிடுகிறேன். மட்டிப்பழம் கேட்காதே, திருவனந்தபுரம் தாண்டுவதற்குள் கறுத்துவிடும். ஐப்பசி ஆராட்டுக்கு லீவு கிடைக்காது என்று தெரியும்; பங்குனிக்காவது பார்.

ஒன்று மறந்துவிட்டேன். லேப்டாப்பை மூடும்போது அம்மா இன்னொரு கேள்வியும் கேட்டாள். "அவ்வளவு வெள்ளம் கெடக்கே, குளிப்பானுவளா அதுல?" வேனலில் ஜனங்கள் நீந்துவார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. தம்பி இறங்கினானா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

உன் அக்கா