மறுக்கத் தெரியாத மோட்டார்

மாதிரி விமானத்தின் பெட்ரோல் எஞ்சினில் அளவுக்கு மீறிய புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் திணறும், வேகம் இறங்கும், சமயத்தில் நின்றே போகும். தன்னால் முடியாது என்பதை அது சொல்லிவிடுகிறது. மின்மோட்டாருக்கு அது தெரியாது. சுமை கூடக்கூட பேட்டரியிலிருந்து மேலும் மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும். உள்ளே செம்புச் சுருள் சூடேறி, அதன் மேல்பூச்சு கருகும் வரை வெளியே பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ரிச்சி தெருவில் அலைந்து மோட்டார் வாங்கி வந்து, "தாத்தா, ஆயிரம் கே.வி.!" என்று நீட்டுவார்கள். கே.வி.யை வைத்து மோட்டாரின் பலத்தைச் சொல்ல முடியாது. சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் அந்தக் கணக்கு. மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் அந்த ஆயிரம் கே.வி. மோட்டார் வெறுமனே நிமிடத்துக்குச் சுமார் 11,100 சுற்று சுற்றும். கே.வி. குறைந்த மோட்டாருக்குப் பெரிய புரொப்பெல்லர், கூடியதற்குச் சிறியது.

"10 அங்குலத்துக்குப் பதில் 11 தானே தாத்தா, ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடும்?" என்பார்கள். பிட்சும் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) சுற்று வேகமும் மாறாதிருந்தால், புரொப்பெல்லர் கேட்கும் திறன் ஏறக்குறைய விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அந்த ஒரு அங்குலத்துக்கு ஒன்றரை மடங்கு! சுமையில் சுற்று கொஞ்சம் இறங்குவதால் அவ்வளவு முழுதாக ஏறாது. ஆனாலும் மோட்டாரைக் கருக்க அது போதும்.

மறுக்கத் தெரியாத இந்த மோட்டாரைப் போன்ற மனிதர்களை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். எந்தக் கோப்பையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அதனாலேயே எல்லாக் கோப்பும் அவர்கள் மேஜைக்குப் போகும். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து செய்தி வரும். "நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தார்" என்போம். வீட்டில் அம்மாக்களுக்கும், தி.நகரில் ஒரு டியூஷன் முடித்து அடுத்ததற்கு ஓடும் குழந்தைகளுக்கும் இதுவேதான் நடக்கிறது. அவர்கள் முகத்தில் தெரியட்டும் என்று காத்திருப்பது அநியாயம். சுமை வைக்கிறவர்தான் அளந்து பார்த்து வைக்க வேண்டும்.

மோட்டாரை அளக்க வாட் மீட்டர் இருக்கிறது. முழுக்க சார்ஜ் ஏற்றிய பேட்டரிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் நடுவே அதை இணையுங்கள். விமானத்தை இறுகக் கட்டி, புரொப்பெல்லருக்கு நேரே யாரும் நிற்காமல், சில நொடி மட்டும் முழு வேகம் கொடுங்கள். 11 வோல்ட், 18 ஆம்பியர் என்று காட்டினால் 198 வாட். அந்த 18 ஆம்பியரை மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி மூன்றுமே தாங்குமா என்று பாருங்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியதைப் பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். தொலைவில் இருக்கும் நோயாளிக்கு உதவப் பறந்து போகும் போட்டி அது. அப்படிப்பட்ட வேலையில் திரும்பி வரவும் சக்தி மிச்சம் இருக்க வேண்டும்; மோட்டாரை எல்லை வரை வருத்தினால் அது மிஞ்சாது.

ஆகவே சிறிய புரொப்பெல்லரில் தொடங்குங்கள். விமானம் இறங்கியதும் மோட்டாரில் விரல் வைத்துப் பாருங்கள். வைத்த விரலை உடனே எடுக்க வேண்டியிருந்தால், இன்னும் ஒரு அங்குலம் குறையுங்கள்.