ஒரே பிடிஎஃப்பாக

விண்ணப்பத்தின் அடியில் அந்த ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஆவணங்கள் அனைத்தையும் ஒரே பிடிஎஃப்பாகப் பதிவேற்றவும். பிரவுசிங் சென்டர்களின் பிழைப்பில் பாதி இந்த வரியால்தான் ஓடுகிறது.

*

பிடிஎஃப்புக்குத் தலையைவிட வால் முக்கியம். உள்ளே இருக்கும் பக்கம், படம், எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த எண் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணையைத் தேட, திறக்கும் மென்பொருள் முதலில் கோப்பின் கடைசிக்குத்தான் போகும். அதனால் இரண்டு கோப்புகளை வெறுமனே அடுத்தடுத்து ஒட்டினால் பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே தெரியும். முதலாவது உள்ளேதான் கிடக்கும், எடையும் ஏறியிருக்கும், கண்ணில் படாது.

ஒழுங்காக இணைப்பதென்றால் வேலை அதிகம். 5 என்ற எண் இரண்டிலும் இருக்கும். ஒன்றில் அது எழுத்துரு, மற்றதில் முத்திரையின் படம். எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்து, அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டும். பிடிஎஃப்யுனைட், க்யூபிடிஎஃப் இரண்டும் இதை இலவசமாக, நம் கணினியிலேயே செய்கின்றன. 1993-லேயே அடோபி வடிவ விவரங்களை வெளியிட்டுவிட்டது. 2008-ல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. யார் வேண்டுமானாலும் கருவி எழுதலாம். அப்படியிருந்தும் ஆதாரையும் கிரயப் பத்திரத்தையும் ஊர்பேர் தெரியாத தளத்தில் ஏற்றி இணைக்கிறார்கள். பார்த்தாலே பதறுகிறது.

*

லதா எழுத்துருவில் அடித்த பத்துக் கடிதங்களை இணைத்தால் உள்ளே பத்து அரைகுறை லதா இருக்கும். ஒவ்வொரு கடிதமும் தனக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கும். ஆனால் கனம் இதனால் அல்ல, ஸ்கேனால். 300 டிபிஐயை 150 ஆக்கினால் புள்ளிகள் கால்வாசியாகிவிடும்.

*

டிஜிட்டல் கையொப்பமுள்ள வில்லங்கச் சான்றை இணைக்கும்போது கவனம். கையொப்பம் கட்டப்பட்டிருப்பது அந்தக் கோப்பின் பைட்டுகளோடு. இணைத்ததும் பைட்டுகள் மாறிவிடும். கையெழுத்துப் பெட்டி பக்கத்தில் படமாக நிற்கலாம், உயிர் போயிருக்கும். மூலக்கோப்பைத் தனியே வைத்திருந்து, கேட்டால் அதையே கொடுக்க வேண்டும்.

*

இணைக்கப்போகும் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது 01, 02 என்று வைப்பது நல்லது. 1, 2 என்று வைத்தால் பல கருவிகள் 1-க்கு அடுத்து 10-ஐக் கொண்டுவந்து நிறுத்தும். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு முன்னால் ரேஷன் கார்டு வந்து உட்காரும்.